மேடை இல்லாத நிகழ்ச்சி

எங்கள் பக்கத்துப் பசுமை வேலைகளில் பாதிக்கு நாற்றம் உண்டு. சுவரொட்டிகளில் காற்றாலை சுழலும், இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு கன்று துளிர்த்திருக்கும். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களுக்கு வேறு ஒன்று தெரியும்: சேகோ பேக்டரியைத் தாண்டும்போது வருகிற புளித்த வாடை. நாமக்கல்லைச் சுற்றிக் கோழி எருவின் நெடி. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் சாயத் தண்ணீர். இந்த மூன்றையும் கட்டுக்குள் வைப்பதற்காக யாரோ ஒருவர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிறார். பசுமை வேலை என்று பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது அவரைத்தான் என்பது என் கட்சி.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியன். தேசிய பசுமைப் படைப் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், ‘பசுமை’ என்று தலைப்பிட்ட சுற்றறிக்கை எது வந்தாலும் தலைமையாசிரியர் என் மேசைக்குத் தள்ளிவிடுவார். சுற்றுப்பட்டுப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கொரு முறை நாங்கள் நடத்தும் பசுமை வேலை வழிகாட்டி நாள் அப்படித்தான் என் கைக்கு வந்தது. இப்போது அதில் எனக்கு ஒரு பித்து என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

வழிகாட்டுதலே இல்லாத ஊரல்ல இது. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’, அதே ஆண்டு வந்த ‘கல்லூரிக் கனவு’ இரண்டும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல கதவுகளைக் காட்டியிருக்கின்றன. எந்தக் குரூப் எடுத்தால் எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி என்று இன்று ஒரு பிளஸ் டூ மாணவி கடகடவென்று சொல்கிறாள். நாமக்கல்லோ தமிழ்நாட்டுக்கே மதிப்பெண் கற்றுக்கொடுத்த ஊர். பிராய்லர் பள்ளிகள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி பேசினாலும், பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் அவர்களேதான். இத்தனைக்கும் நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. தன் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில், தான் படிக்கிற பாடத்துக்கு வேலை இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை.

சேகோவையே எடுத்துக்கொள்வோம். குச்சிக்கிழங்கை அரைத்து மாவெடுக்கத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். வெளியே வரும் நீரில் கரைந்த மாவும் நாரும் கலந்திருக்கும். அதை அப்படியே விட்டால் புளித்து அமிலமாகும், அக்கம்பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கும். காற்றுப் புகாத பெரிய கலனில் அடைத்தால் அதே அழுக்கை நுண்ணுயிரிகள் தின்று மீத்தேனாக்கித் தரும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல சேகோ ஆலைகள் இந்த வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டுகின்றன. ஆனால் அந்த நுண்ணுயிரிகள் கொஞ்சம் செல்லம் கொஞ்சுகிறவை. பிஎச் அளவு 7-ஐ ஒட்டி இருந்தால்தான் வேலை செய்யும். கிழங்குக் கழிவுநீரோ 4, 5 என்று அமிலமாக வந்து சேரும். ஒரே நாளில் அதிகமாக ஊற்றிவிட்டால் கலன் புளித்து, வாயு நின்றுபோகும். மறுபடி உயிர்பெற வாரக்கணக்கில் ஆகலாம். எனவே நாள்தோறும் ஒருவர் அளந்து பார்க்க வேண்டும், குறித்து வைக்க வேண்டும், எவ்வளவு விடலாம் என்று முடிவெடுக்க வேண்டும். நான் கரும்பலகையில் எழுதிப்போடும் தாங்கல் கரைசல் பாடம் அங்கே ஒருவருக்குச் சோறு போடுகிறது.

அந்த ஆள் எங்கள் வழிகாட்டி நாளுக்கு வரும்போது இரண்டு பாட்டில் கொண்டுவரச் சொல்வேன். ஒன்றில் கலனுக்குள் போகும் தண்ணீர், மற்றதில் வெளியே வரும் தண்ணீர். பிள்ளைகளே லிட்மஸ் தாளை நனைத்துப் பார்க்கட்டும். பவர்பாயின்ட் கூடாது. பத்து ஆண்டாகக் கலனோடு வாழ்கிற மனிதருக்குப் படம் காட்ட என்ன தேவை? வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடும் கலந்து வரும், அதைப் பிரித்தெடுக்காவிட்டால் இன்ஜினை அரித்துவிடும் என்று அவர் சொல்லும்போது, அழுகிய முட்டை வாசம் என்று நான் பாடத்தில் சொன்னது பையன்களுக்கு நினைவு வருகிறது. அடுத்து அவர் சொல்வதைச் சுவரில் எழுதி வைக்கலாம்: “மூடின தொட்டிக்குள்ள எவன் சொன்னாலும் இறங்காதீங்க கண்ணு. வாசம் தெரியலைன்னா வாயு இல்லைன்னு அர்த்தமில்லை. மூக்கு மரத்துப்போயிரும்.” அதிகச் செறிவில் அந்த வாயு நுகரும் உணர்வையே முடக்கிவிடும் என்பது உண்மை.

மேடை போடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது இந்த ஆட்களால்தான். மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தால் கலன் ஆபரேட்டர் கூசிப்போய் இரண்டு நிமிடத்தில் நன்றி சொல்லி இறங்கிவிடுவார். பேசத் தெரிந்தவர்கள் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதனால் எங்கள் நிகழ்ச்சியில் வகுப்பறை பெஞ்சுதான். ஒரு பெஞ்சில் ஒரு வேலைக்காரர், எதிரே இருபது பிள்ளைகள், கால்மணி நேரம். மணியடித்தால் பிள்ளைகள் அடுத்த பெஞ்சுக்கு நகர வேண்டும். சிறப்பு விருந்தினர் வந்தால் அவரும் பிள்ளைகளோடு சுற்றி வரலாம். பொன்னாடை கிடையாது.

வருகிறவர்களிடம் முன்கூட்டியே நான் கேட்டுக்கொள்வது சில விஷயங்கள்தான். முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, இன்று எவ்வளவு, காலை முதல் மாலை வரை கை என்ன செய்கிறது, இந்த வேலையில் பிடிக்காதது எது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பவரை மறுமுறை கூப்பிடுவதில்லை. சோலார் பேனல் பொருத்துகிறவர் வெயிலில் தகர ஓட்டின் மேல் நிற்பதைச் சொல்ல வேண்டும். இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பெல்ட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்துக் கூரை சோலார் திட்டத்தைத் தொடங்கி, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் படித்தவர்களுக்கு வேலை கூடியிருக்கிறது. இதெல்லாம் சரி. ஓட்டிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதும் அதே பெஞ்சில் பேசப்பட்டாக வேண்டும்.

பெற்றோரை அழைக்காமல் இந்த நாளை நடத்துவது வீண். ஒருமுறை சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வந்திருந்தார். பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர். ஒரு மாணவியின் அம்மா நேராகவே கேட்டுவிட்டார்:

“ஏனுங்க, சாக்கடைத் தண்ணி அள்ளறதுக்கா எம்புள்ளைய இம்புட்டுப் படிக்க வெக்கறேன்?”

“அக்கா, நான் தண்ணிய அள்ளறதே இல்லைங்க. பாட்டில்ல எடுத்து மெஷின்ல வெச்சுப் பாக்கறேன். நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடறேன். நான் கையெழுத்துப் போடலைன்னா வெளிய விடற மோட்டாரைப் போட மாட்டாங்க.”

“அப்ப ஆபீசர் மாதிரிங்களா?”

“ஆபீசர் சம்பளம் இல்லைங்க அக்கா. ஆனா முதலாளியே வந்து, ரிசல்ட் என்னாச்சும்மான்னு கேப்பாரு.”

அந்த அம்மா தயங்கியதில் தவறில்லை. கழிவு, சாக்கடை, எரு என்று நாம் உச்சரிக்கும் ஒவ்வொன்றையும் இந்த நாடு குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டி வைத்திருந்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்த பிறகும் தொட்டிச் சாவுகள் நிற்கவில்லை. ஆகவே, பசுமை என்ற பெயரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கீழ்ப்படி வேலைகளுக்கு மட்டும் பழக்கிவிடும் ஆபத்து இந்த நிகழ்ச்சிகளில் உண்டு. தனியார் பள்ளிப் பிள்ளை சுற்றுச்சூழல் பொறியாளராவது பற்றிக் கேட்கிறான், நம் பிள்ளை பேனல் துடைப்பது பற்றிக் கேட்கிறான் என்றால், நாம் நடத்துவது வேலை வழிகாட்டுதலே அல்ல. இதற்காக ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். எந்தத் துறை வந்தாலும் அதில் படிகள் தெரிய வேண்டும். கழிவுநீர் பெஞ்சு என்றால் ஐடிஐ முடித்த ஆபரேட்டர், டிப்ளமோ முடித்த மேற்பார்வையாளர், பட்டம் பெற்ற ஆய்வாளர் என்று மூவரையாவது உட்கார வைப்பேன். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்று பணியிடங்களுக்குத் தேர்வு வைக்கிறது என்பதையும், வேதியியலோ உயிரியலோ படித்தால் அந்தப் பக்கமும் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

கோழிப் பெஞ்சில் இது இன்னும் முக்கியம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு தங்களுக்கு உண்டு என்று தெரியும்? 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-இல் இந்தத் தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. மருத்துவத்தைப் பற்றி மட்டும்தான் ஊர் பேசுகிறது. கோழிப் பண்ணை என்றால் முட்டை பொறுக்குவது என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, தீவனக் கணக்குப் போடுகிறவர், நோய் பார்க்கிறவர், எருவிலிருந்து வாயு எடுத்து மின்சாரமாக்கும் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவர் என்று வரிசையாகக் காட்டுகிறோம். எருவில் மின்சாரம் எடுக்கும் ஆலைகள் நாமக்கல் மாவட்டத்தில் உண்டு. பெரிய பண்ணைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும் என்று விதிகள் இறுகியதிலிருந்து, ஈ, எரு, செத்த கோழி இவற்றின் கணக்கை எழுதி வைக்கவும் படித்த ஆள் தேவைப்படுகிறது. சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை சாப்பிடும் பிள்ளைகள் இவர்கள். அந்த முட்டைக்குப் பின்னால் இத்தனை பேர் இருப்பது அவர்களுக்கே வேடிக்கையாக இருக்கிறது.

பசுமை என்று யாரும் பெயர் வைக்காத வேலைகளையும் விடக்கூடாது. லாரிக்குப் பாடி கட்டும் ஊரில் டயர் ரீட்ரேடிங் பட்டறைகள் இருக்கின்றன. லாரி டயரில் தேய்வது மேல்பட்டை மட்டும். எடையில் பெரும்பகுதி உள்ளுடலில்தான் இருக்கிறது. அதை வீசிவிடாமல் புதுப் பட்டை ஒட்டி மறுபடி ஓடவிடுகிறார்கள். ரப்பரும் கச்சா எண்ணெயும் மிச்சமாகின்றன. அந்தப் பட்டறைக்காரர் எங்கள் அழைப்பைக் கேட்டுச் சிரித்தார். நாங்க கரிப்புகையில கிடக்கறவங்க, எங்களையா கூப்பிடறீங்க என்றார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களையும் கூப்பிடுவோம். இந்தியா முழுக்கப் பூமியைத் துளைத்தவர்கள் அவர்கள். எத்தனை அடியில் பாறை, எங்கே பிளவு, எங்கே ஈரம் என்று கையாலேயே தெரிந்தவர்கள். மழைநீரைக் கீழே அனுப்பும் வேலைக்கும் அதே அறிவுதான் வேண்டும் என்று பக்கத்தில் ஒரு நிலத்தடி நீர் வல்லுநரை உட்கார வைத்தால், இரண்டு பேரும் வாக்குவாதம் செய்துகொள்வார்கள். அன்றைக்கு மிக நல்ல பெஞ்சு அதுதான். ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் வேலை, 2010-இல் சேலம் மக்கள் குழு மூக்கனேரியைச் சீரமைத்த கதை, திருமணிமுத்தாறு ஏன் இன்னும் கறுப்பாக ஓடுகிறது என்ற கேள்வி எல்லாமே பெஞ்சுகளுக்குப் பொருள். ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்வோம்.

இனி நிகழ்ச்சி நடக்கும் விதத்துக்கு வருகிறேன். பசுமை நிகழ்ச்சி என்றால் பலருக்கும் தட்டும் டம்ளரும்தான் கண்ணில் படுகின்றன. என் கணக்கில் முதல் அழுக்கு டீசல். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போய்வர 100. பேருந்து லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் என்று வைத்தால் 22 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஆக, பேருந்து ஒன்றுக்கு 60 கிலோ. பத்துப் பேருந்தில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் நகரத்துக் கல்லூரி அரங்கில் உட்கார வைத்தால் 600 கிலோ. அங்கே ஏசி வேறு. அதற்குப் பதில் பதினைந்து வேலைக்காரர்கள் டவுன் பஸ்ஸிலும் பைக்கிலும் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் இலவசப் பாஸில் வருகிறார்கள். இந்தக் கணக்கை வாசலில் ஒரு கரும்பலகையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டு நிற்பார்கள். வருகிறவர் எப்படி வந்தார் என்று கேட்டு, அவர் பெயருக்கு எதிரே கிலோவை எழுதுவார்கள். காரில் தனியாக வந்த அதிகாரி ஒருவர் தன் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்போது தலைமையாசிரியரை ஏற்றிக்கொண்டு போனார்.

உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. திருமண மண்டபக்காரர்களுக்கே இது தெரியாது. நாங்கள் ஊராட்சிக்குக் கடிதம் கொடுத்து, தூய்மைக் காவலர்களையும் ஒரு பெஞ்சில் உட்காரக் கேட்டுக்கொள்கிறோம். எந்தக் குப்பை எந்த விலைக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. அதனால் பிளாஸ்டிக் டம்ளருக்குப் பதில் பேப்பர் கப் வாங்குகிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு பூசிய பேப்பர் கப்புகளும் அதே தடைப் பட்டியலில் இருப்பது பலருக்குத் தெரியவில்லை. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்திலிருந்து பாக்குமட்டைத் தட்டு வாங்கலாம். உள்ளூர்த் தொழில், நல்ல பொருள். ஆனாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு என்பதற்கு எனக்கு மனசு ஒப்பவில்லை. பாக்குமட்டை அழுத்தும் இயந்திரமும் அதை ஓட்டும் மகளிர் குழுவும் பெஞ்சுக்கு வரட்டும். சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டுத் தட்டு, டம்ளர். பத்து வயதுப் பிள்ளை தினமும் சத்துணவுக்குக் கொண்டுவருவதை ஒரு விருந்தினர் ஒருநாள் கொண்டுவர முடியாதா?

சமையலில் கொல்லிமலைச் சாமை, ஒரு முட்டை, ரசம். சாமையைச் சும்மா வைப்பதில்லை. 1990-கள் முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானிய விதைகளைக் காப்பாற்றவும், அவற்றைக் குத்தி விற்பனைக்குக் கொண்டுபோகவும் மலைவாழ் மக்களோடு வேலை செய்தது. உமி நீக்கும் இயந்திரம் வந்த பிறகுதான் உரலோடு பெண்கள் பட்ட பாடு குறைந்தது. சாப்பிடும்போதே இதைச் சொன்னால் காதில் ஏறுகிறது. எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று காலை முதல் பாடவேளையிலேயே வகுப்பாசிரியர்கள் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் சாமை உலையில் விழும். மிச்சம் விழுவது குறைவு. விழுவதும் பக்கத்துத் தோட்டத்துச் சாண எரிவாயுக் கலனுக்குப் போகிறது.

பேனர் துணியில், கையால் எழுதியது, ஆண்டு போடாதது. பெட்டியில் மடித்து வைத்திருக்கிறோம். மரக்கன்று கொடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன். இதற்காக எனக்குக் கெட்ட பெயர்கூட உண்டு. விருந்தினரின் கார் டிக்கியில் வெந்து, கறுப்புப் பாலிதீன் பையோடு எங்கோ விழும் கன்றுக்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? பள்ளி வளாகத்தில் வேலி போட்டுத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் வைப்போம்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு நடத்தும் வழிகாட்டி நாள் ஆறுதல் கூட்டம்தான். குரூப் எடுப்பதற்கு முன், பத்தாம் வகுப்பில், காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு நடத்த வேண்டும். ஐடிஐ, பாலிடெக்னிக் போகிற பிள்ளை அப்போதுதான் முடிவெடுக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐடிஐ, டிப்ளமோ சேர்ந்தாலும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதை அம்மாக்கள் முன்னால் சொல்வது அவசியம். அரை நாள் போதும். ஒரு மணிக்கு மேல் எங்கள் ஊர் வெயிலில் யாருக்கும் எதுவும் ஏறாது.

நிகழ்ச்சி பலித்ததா என்பதை வந்த கூட்டத்தை வைத்து நான் எடைபோடுவதில்லை. அடுத்த மாதம் எத்தனை பிள்ளைகள், சார், அந்தக் கலனை நேர்ல பாக்கப் போலாமுங்களா என்று கேட்டு வருகிறார்கள் என்பதுதான் எனக்குக் கணக்கு. பத்துப் பத்துப் பேராகக் கூட்டிப்போகிறோம். பெண் பிள்ளைகள் அதிகம் கேட்கிறார்கள். ஆலைக்குள் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதும் அவர்கள்தான். இல்லாத இடங்களில் அதை உரிமையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம்.

இதைப் படிக்கிறவர்களில் சேகோ ஆலை, பண்ணை, சாயப்பட்டறை, லாரிப் பட்டறை நடத்துகிறவர்கள் இருக்கலாம். நீங்கள் பள்ளிக்கு நாற்காலி, மின்விசிறி வாங்கித் தருகிறீர்கள். நன்றி. கூடவே ஒன்று கேட்கிறேன். உங்கள் கழிவுநீர்க் கலனைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஆண்டில் அரை நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள், பக்கத்து அரசுப் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். வேறு எந்த உதவியும் எங்களுக்கு வேண்டாம்.